ஊசி போடாத ஒருவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை

கேள்வி: ஃப்ளூ வைரஸ் வருடா வருடம் உருமாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மனிதர்களுக்கும் நாய்களுக்கும் போடும் ஃப்ளூ தடுப்பூசியால் உண்மையிலேயே பயன் உண்டா, வீண் வேலையா?

என் வீட்டுக்காரர் மூன்று வருடமாக இதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பது கேள்வி இல்லை, குத்தல். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை என்று நம்புகிறேன். ஊசியும் போட்டுக்கொண்டு ஒரு வாரம் படுத்தும் எழுந்திருப்பீர்கள், அந்தக் கடுப்பு வார்த்தையில் தெரிகிறது. நாயையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் வீட்டில் அதுவும் இருமுகிறது போலிருக்கிறது. சரி, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்துக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. "உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்" என்று கீழே எழுத வருகிறவர்கள் இந்த வரியோடு திரும்பிவிடலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. வீட்டில் நான், அவர், எழுபத்து மூன்று வயது மாமனார், ஐந்து வயது மணி. மணி கலப்பு நாய். ஃப்ளூ சீசன் தொடங்குமுன் எல்லாருமாகப் போய் ஊசி போட்டுக்கொள்வது என்று நாளெல்லாம் குறித்து வைத்திருந்தேன். அந்த நாளுக்கு முதல் நாள் கொழுந்தனார் குடும்பம் வந்து இறங்கியது. பத்து நாள் ஊர் சுற்றப் போகிறார்களாம், அவர்களுடைய நாய் சார்லியை நம் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்களாம். விடட்டுமா என்று கேட்கவில்லை, விடுகிறோம் என்று சொன்னார்கள். சார்லி அதற்கு முந்தைய வாரம் ஒரு நாய் விடுதியில் இருந்துவிட்டு வந்தவன். வந்ததும் வராததுமாக இருமினான். "கார்ல வந்த களைப்பு அக்கா, சரியாயிடும்" என்றாள் என் ஓரகத்தி.

ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நாய்களைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? ஊசி தள்ளிப்போனது. கடைசியில் நானும் மாமனாரும் போய்ப் போட்டுக்கொண்டபோது சுற்றிலும் காய்ச்சல் பரவ ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஏதோ மீட்டிங், வரவில்லை.

ஊசி போட்ட ஆறாம் நாள் மாமனாருக்குக் குளிர் காய்ச்சல். எட்டாம் நாள் எனக்கு. மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதனையில் இன்ஃப்ளூயென்சா ஏ, அதாவது ஃப்ளூவேதான். மூன்று ராத்திரி ஆக்சிஜன். நான் வீட்டில் நான்கு நாள் சுருண்டு கிடந்தேன். ஊசி போடாத ஒரே ஆளான என் வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் "ஊசி போட்ட ரெண்டு பேரும் படுத்துட்டாங்க, போடாதவன் நிக்கிறேன்" என்று சொன்னாரே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்குப் பதிலை ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் ஒரே நிமிடத்தில் சொன்னார். ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஆறாம் நாளும் எட்டாம் நாளும் எங்களிடம் இருந்தது ஊசி போட்ட தடம் மட்டும்தான். "ஊசியாலேயே காய்ச்சல் வந்திருக்குமா?" என்று என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டார். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஒரு நாள் உடம்பு வலி, லேசான சூடு வரலாம், ஃப்ளூ வராது. அவருக்கு வராததற்கும் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எந்த சீசனிலும் ஊசி போடாதவர்களில்கூடப் பெரும்பாலானோர் தப்பித்துவிடுகிறார்கள். ஆகவே எங்கள் வீட்டுக் கதையை வைத்து ஊசியை ஆதரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. இதை நான் சொன்னால் அவர் சிரிக்கிறார்.

இனி உங்கள் கேள்வி. ஆமாம், உருமாறுகிறது. இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்த ஆள் கிடையாது. அச்சுப்பிழையோடு பிரதிகள் வெளிவந்துகொண்டே இருக்கும். அதன் மேல் முள் முள்ளாக நிற்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தில் பிழை விழுந்தால், பழைய முகத்தைப் பார்த்துப் பழகிய நம் எதிர்ப்பணுக்கள் தடுமாறுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடி எந்த ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. வடக்கு அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தெற்குக்குச் செப்டம்பரில். தயாரிக்க ஆறு மாதம் போல ஆகும். இது ஆறு மாதம் கழித்து வரப்போகிற விருந்தாளிக்கு இன்றைக்கே சட்டை தைத்து வைக்கிற வேலை. சில வருடம் அளவாக இருக்கும், சில வருடம் இறுக்கிப் பிடிக்கும்.

அப்படி இறுக்கிப் பிடித்த வருடத்துக்கு நல்ல உதாரணம் 2014-15. பிப்ரவரியில் தேர்வு முடிந்த பிறகு எச்3என்2 என்ற ஃப்ளூ ஏ ரகம் உருமாறி விலகிப் போய்விட்டது. அமெரிக்காவில் அந்த சீசனில் ஊசியின் பலன் 19 சதவீதம்தான். பொருத்தம் நன்றாக அமைந்த வருடங்களில் 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். எப்போதும் காலை வாருவது பெரும்பாலும் இந்த எச்3என்2 தான். எச்1என்1, பி வகைகளிடம் ஊசி இதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொரு வேடிக்கை, பெரும்பாலான ஊசிகளுக்கான வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்கிறார்கள். முட்டைக்குப் பழகும் அவசரத்தில் எச்3என்2 அங்கேயும் கொஞ்சம் மாறிக்கொள்கிறது. ஆக வெளியே வைரஸ் மாறாவிட்டாலும் உள்ளே இருக்கிற அச்சு மாறிவிடலாம்.

40 சதவீதம் என்றதும் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், நானும் செய்தேன். நூறு பேருக்குப் போட்டால் அறுபது பேருக்குக் காய்ச்சல் வரும் என்று அர்த்தமில்லை. போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு ஃப்ளூ வருகிற சீசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட நூறு பேரில் ஆறு பேருக்கு வரும். அந்த நான்கு பேர் தங்களுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கவே மாட்டார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். வந்த ஆறு பேர் ஊரெல்லாம் சொல்வார்கள். அந்த ஆறு பேரிலும் ஆஸ்பத்திரி வரை போகிற வாய்ப்பு ஊசியால் குறைகிறது. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம், ஏனென்றால் மாமனார் ஆக்சிஜன் குழாயோடு இருந்ததைப் பார்த்தவள் நான். வயதானவர்களின் உடம்பு சாதாரண ஊசிக்கு மந்தமாகத்தான் எழுகிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நான்கு மடங்கு வீரியம் உள்ள ஊசியே இருக்கிறது. கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த வருடத்திலிருந்து மாமனாருக்கு அதைத்தான் போடுகிறோம். "என்னம்மா, எனக்கு மட்டும் பெரிய ஊசியா?" என்று ஒவ்வொரு முறையும் பெருமையாகக் கேட்பார்.

இப்போது மணி. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த அதே வாரம் மணியும் இருமத் தொடங்கினான். மூக்கு ஒழுகல், தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. அவனுடைய தடுப்பூசி அட்டையில் 'பாராஇன்ஃப்ளூயென்சா' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே! ஃப்ளூ ஊசி போட்டாயிற்று என்று இரண்டு வருடமாக நிம்மதியாக இருந்தவள் நான். ஆறு நாள் கழித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கால்நடை மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அது வேற வைரஸ்மா, பேர்தான் ஒரே மாதிரி. இவனுக்கு ஃப்ளூ ஊசி போடவே இல்லையே" என்றார். விடுதிகளில் கேட்கிற போர்டடெல்லா ஊசியும் ஒரு பாக்டீரியாவுக்கானது, அதுவும் ஃப்ளூவைத் தடுக்காது.

பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். குழந்தைகளின் அட்டையில் வரும் 'ஹிப்' என்பது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயென்சே. அது வைரஸே இல்லை, பாக்டீரியா. 1892இல் ஃபைஃபர் என்பவர் ஃப்ளூவுக்கு இதுதான் காரணம் என்று தப்பாக முடிவு செய்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். ஃப்ளூ வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933இல்தான். தப்பு என்று தெரிந்தும் பெயரை மாற்றவில்லை. அட்டையைப் பார்த்து ஏமாறுவது என் போன்றவர்கள்.

நாய்களின் ஃப்ளூ தனிக் கதை. எச்3என்8 குதிரையிலிருந்து நாய்க்குத் தாவியது. 2004இல் ஃப்ளோரிடாவில் பந்தய நாய்களிடம் கண்டுபிடித்தார்கள். எச்3என்2 பறவையிலிருந்து வந்து ஆசியாவில் பரவி, 2015இல் சிகாகோ பக்கம் ஆயிரக்கணக்கான நாய்களைப் படுக்க வைத்தது. மனிதர்களிடம் சுற்றும் எச்3என்2 வேறு, இது வேறு, பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள் (மறுபடியும் பெயர்!). எச்3என்8 ஊசி எச்3என்2வுக்குப் போதவில்லை என்பதால் தனி ஊசி வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது, ஆனால் எல்லா நாடுகளிலும் இல்லை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு வருடம் ஒரு முறை. ஒரு டோஸோடு விட்டால் பாதி வேலைதான். மனிதர்களுக்குப் போல வருடா வருடம் கூடி ரகம் மாற்றுகிற ஏற்பாடு நாய்களுக்கு இல்லை. நாய் ஃப்ளூ விடுதி, காப்பகம் என்று கூட்டமாக நாய்கள் அடைந்திருக்கும் இடங்களில் பற்றி எரிந்துவிட்டு அடங்கிவிடும். இந்த ஊசியும் தொற்றை முழுக்க நிறுத்துகிற ஊசி இல்லை. இருமலின் கடுமையையும் நுரையீரல் பாதிப்பையும் குறைக்கும், வைரஸ் வெளியேறும் அளவையும் நாட்களையும் குறைக்கும். எச்3என்2 வந்த நாய் மூன்று வாரத்துக்கு மேலும் வைரஸைப் பரப்பக்கூடும் என்பதால் அந்தக் குறைப்பு சின்ன விஷயமில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத, வேறு நாய்களைப் பார்க்காத நாய்க்கு அவசரமில்லை என்றுதான் எங்கள் மருத்துவரே சொன்னார்.

மணிக்கு வந்தது ஃப்ளூதானா? தெரியாது. மூக்கிலிருந்து மாதிரி எடுப்பதென்றால் முதல் மூன்று நான்கு நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும். நான் ஸ்டிக்கரை நம்பி நாளைக் கடத்திவிட்டேன். பதினைந்து நாள் இருமிவிட்டுத் தேறினான். மாமனாருக்கு நாயிடமிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் ஒரு தியரி வைத்திருந்தார். நாய் ஃப்ளூ மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை பதிவு இல்லை. தலைகீழாக, மனித எச்1என்1 அபூர்வமாக நாய்களுக்குப் போயிருக்கிறது. மாமனார்தான் மணிக்குக் கொடுத்தாரோ என்று நான் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

கொழுந்தனார் குடும்பம் பத்து நாள் என்று போனது, பதினான்காம் நாள் வந்தது. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த செய்தி தெரிந்தும்தான். சார்லியைக் காரில் ஏற்றும்போது ஓரகத்தி "கொஞ்சம் இளைச்சுட்டானே அக்கா" என்றாள். அவன் கடித்துப் போட்ட மணியின் கழுத்துப் பட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டலாமே என்று. யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சார்லி மறுபடி வருகிறானாம். மணிக்கு இரண்டு டோஸும் முடிந்துவிட்டது. மாமனாருக்கும் எனக்கும் போன வாரமே ஊசி போட்டாயிற்று, இரண்டு வாரம் தாண்டித்தான் அவர்கள் வருவார்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன். சார்லியின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நான்கு நாள் ஆகிறது. நீல டிக் விழுந்துவிட்டது, படம்தான் வரவில்லை.