ஒரே எழுத்து, வேறு நிலம்: டென்மார்க்கிலிருந்து நோர்வேக்கு வந்த தம்பிக்கு

டென்மார்க்கில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு இப்போது நோர்வேக்கு வந்திருக்கும் நீங்கள், எழுத்தில் இரு மொழிகளும் ஏறத்தாழ ஒன்றாகவும், 1814 வரை ஒரே அரசின் கீழும் இருந்த இம்மக்கள் பழக்கத்தில் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் இங்கு வாழ்ந்த பிறகு, முதற்காரணம் நிலம்தான் என்றே நினைக்கிறேன்.

டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடு ஏறத்தாழ 171 மீட்டர். நிலத்தில் பாதிக்கு மேல் விளைநிலம். நோர்வேயிலோ உழக்கூடிய நிலம் சுமார் 3 விழுக்காடுதான். மலைச்சரிவுகளிலும் கடலிடுக்குகளின் கரைகளிலும் பண்ணைகள் தனித்தனியாக ஒட்டிக்கிடந்தன. பிரபுக்களைப் பெருமளவில் தாங்கக்கூடிய உபரி விளைச்சல் அங்கே இல்லை. டென்மார்க்கின் குடியானவ ஆண்களைப் பண்ணையோடு கட்டிவைத்த 1733ஆம் ஆண்டுச் சட்டம், நோர்வேக்குப் பொருந்தவே இல்லை.

மொழியில் நிலத்தின் இந்தத் தாக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். நடுவே மலை நின்றதால் அடுத்த பள்ளத்தாக்குக்காரர் வேறு விதமாகப் பேசினார். எவரும் எவருக்காகவும் தம் பேச்சை மாற்றிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. 'நான்' என்பதற்கு ஒஸ்லோவில் 'யை', பேர்கனில் 'எக்', துரொண்ட்ஹெய்மில் 'ஏ'. பிள்ளைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே இயன்றவரை கற்பிக்க வேண்டும் என்று 1878இலேயே நாடாளுமன்றம் முடிவெடுத்தது. சமதளமான டென்மார்க்கில் கோபன்ஹேகன் பேச்சு எளிதாகப் பரவி, வட்டார வழக்குகள் பெரிதும் தேய்ந்துவிட்டன. எனினும் எல்லாவற்றையும் மலையின் தலையில் கட்ட நான் விரும்பவில்லை: மொழியறிஞர் ஈவார் ஓசன் 1840களில் ஊர் ஊராக நடந்து வழக்குகளைத் திரட்டாவிட்டால், நீநொஷ்க் என்ற இரண்டாவது எழுத்துமொழி உருவாகியிருக்காது.

காட்டில் நடப்பதிலும் வேறுபாட்டைக் காண்பீர்கள். இங்கே பயிரிடாத நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் அடிக்கலாம் என்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் பழகிய டென்மார்க்கின் தனியார் காடுகளில் பாதையை விட்டு விலக முடியாது. நெருக்கமாக உழுத நாட்டில் அது இயல்பே.

நீங்கள் வேலைக்குப் போகும் மேற்குக் கரையில் முதல் சில மாதங்கள் பாதிதான் விளங்கும். அப்போது புத்தகமொழியில், அதாவது டேனிஷை ஒட்டிய போக்மோல் என்ற மற்ற எழுத்துமொழியில், பேசும்படி கேட்காதீர்கள். மெதுவாகப் பேசும்படி கேளுங்கள், மகிழ்ச்சியோடு பேசுவார்கள்.