டிபன் பாக்ஸும் ஜாமீன் கையெழுத்தும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதவிடாய்க்கு முந்தைய ஐந்தாறு நாட்கள் நான் நானாக இருப்பதில்லை. பிள்ளை பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால்கூடக் கத்துகிறேன். அப்புறம் பாத்ரூமில் உட்கார்ந்து அழுகிறேன். போன மாதம் கணவர் தன் தங்கை வீட்டுக்காரர் வாங்கிய கடனுக்கு என்னிடம் சொல்லாமலே ஜாமீன் கையெழுத்துப் போட்டது தெரியவந்தது. அன்று டிபன் பாக்ஸைச் சுவரில் எறிந்துவிட்டேன். மறுநாளே பீரியட்ஸ் வந்தது. மனம் தெளிந்து மன்னிப்புக் கேட்டேன். "அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். ராத்திரி பன்னிரண்டு வரை போனைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் மாமியார். அந்தக் காலத்தில் மூன்று நாள் ஒதுக்கி உட்கார வைத்ததால்தான் பெண்களுக்கு மனசு நன்றாக இருந்ததாம். சில மாதங்களில் செத்துப்போனால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, இரண்டு நாளில் போய்விடும். எது உண்மையான நான்? அந்தக் கோபம் என்னுடையதா, ஹார்மோனுடையதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

செத்துப்போனால் தேவலை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் போய்விடுகிறது என்பதற்காக அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் திரும்பி வருகிறதே. மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போய், எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நடுராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள்.

மாதவிடாய்க்கு முன் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் வீக்கம் என்பது பலருக்கும் உள்ளதுதான். உங்களுடையது போல வாழ்க்கையையே புரட்டிப்போடுகிற கடுமையான வகைக்கு மருத்துவத்தில் பி.எம்.டி.டி. என்று தனிப் பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல்தான் தங்கள் நோய்க் கையேட்டில் அதற்கு முழு இடம் கொடுத்தார்கள். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. தைராய்டு, ரத்தசோகை, மாதம் முழுக்க இருந்து அந்த வாரத்தில் மட்டும் கூடுகிற மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். வைத்தியம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரை சாதாரணமாக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பிரச்சினைக்கு அது சில நாளிலேயே கேட்கிறது. அதனால் மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் சாப்பிடச் சொல்வதும் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்களைப் போல அவதிப்பட்ட பெண்களுக்கு மருந்து கொடுத்து, சினைப்பையில் ஹார்மோன் சுரப்பதையே நிறுத்தி வைத்தார்கள். பலருக்கு அவதி விட்டது. பிறகு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சோர்வும் அழுகையும் திரும்பி வந்தன. அந்தத் தொல்லையே இல்லாத வேறு பெண்களுக்கும் அதே மருந்து, அதே ஹார்மோன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஹார்மோன் கூடிப்போனதாலோ குறைந்துபோனதாலோ வருகிற கோளாறு இல்லை இது. எல்லாருக்கும் வருகிற அதே ஏற்ற இறக்கம்தான், சிலருடைய மூளை மட்டும் அதைத் தாங்க முடியாமல் தவிக்கிறது. மனத்திடம் போதாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் போன் கணக்குக்கு மதுரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் உடலின் கடிகாரங்களை ஆராய்ந்தார். குகை வௌவால்களில் தொடங்கிய வேலை, பிறகு மனிதர்களுக்கு வந்தது. கடிகாரம் இல்லாத, பகலா இரவா என்று தெரியாத, வெளித்தொடர்பு அறுந்த அறையில் ஆட்கள் தாமாக முன்வந்து தங்கினார்கள். அப்படித் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றி அவர் குழு 1991-ல் கட்டுரை எழுதியது. அந்தப் பெண்ணின் தூக்க விழிப்பு ஒரு கணக்கில் ஓட, மாதவிடாய் தன் போக்கில் வேறு கணக்கில் வந்தது. ஒன்று மற்றதன் பிடியில் இல்லை. தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் கூடும், அந்த வாரத்தில் உங்களுக்கு இன்னும் கூடும். அதற்காகப் போனைக் கொஞ்சம் முன்னாடியே வைத்துவிடுங்கள். ஆனால் இந்தச் சுழற்சியை ஆரம்பித்து வைத்தது போன் இல்லை.

அந்தக் காலத்து ஒதுக்கி வைப்பு பற்றி: மனம் இருள்வது ரத்தம் வருவதற்கு முன். ஒதுக்கி உட்கார வைத்தது வந்த பிறகு. மனம் தெளிய ஆரம்பிக்கிற நாளில் திண்ணைக்கு அனுப்பிவிட்டு அதனால்தான் தெளிந்தது என்றால் எப்படி? எங்கள் பாட்டிக்கும் அந்த மூன்று நாள்தான் ஓய்வு. அது உண்மை. மீதி இருபத்தேழு நாளும் அவருக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

என் முப்பதுகளில் பால் கணக்கு எழுதும் காலண்டரில் கோபம் வந்த நாளெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தேன். மூன்றாவது மாதம் பார்த்தால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. நீங்களும் இரண்டு மாதமாவது தினமும் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கப்போவதும் அதைத்தான், ஞாபகத்திலிருந்து சொன்னால் போதாது. புள்ளிக்குப் பக்கத்தில் எதற்குக் கோபம் என்றும் இரண்டு வார்த்தை எழுதுங்கள். என் காலண்டரில் பாதிக் காரணங்களை அடுத்த வாரமே அடித்துவிட்டேன். மீதிப் பாதியை மாதம் முழுக்க எப்போது பார்த்தாலும் அடிக்க மனம் வரவில்லை. மற்ற மூன்று வாரம் நான் மூடி போட்டு வைத்திருந்தவை அவை. அந்த வாரத்தில் மூடி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். டிபன் பாக்ஸ் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. எறிந்தது தப்புதான். ஆனால் ஜாமீன் கையெழுத்து என்ன ஆனது? அதற்கு அப்புறம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதாக நீங்கள் எழுதவில்லை. "அதானே பார்த்தேன்" என்ற ஒரு சிரிப்பில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. எறிந்த வேகம் ஹார்மோனுடையதாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டது ஹார்மோன் இல்லையே.

பீரியட்ஸ் முடிந்து நாலைந்து நாள் கழித்து, பிள்ளை தூங்கிய பிறகு, அதே கேள்வியைத் தணிந்த குரலில் கேளுங்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கொடுத்தவர்கள் ஜாமீன் போட்டவரிடம்தான் வருவார்கள். தொகை எவ்வளவு, எத்தனை வருடம், இதுவரை தவணை ஒழுங்காகப் போகிறதா? ஊருக்குக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இந்த மூன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை.

அன்புடன்,
அக்கா