இடிக்குப் பிறகு எழாத பெட்டி: 2,880 ரிங்கிட் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். எனக்கு 35 வயது. கிளினிக்கில் தாதி வேலை. கைக்கு 2,600 ரிங்கிட் வருகிறது. அம்மாவுக்கு 68 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது முட்டிவலி. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி எங்கள் தாமான் வீட்டுக்கு ஸ்மார்ட் ஹோம் போட்டுக் கொடுத்தான். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, அதில் வீட்டுச் சாதனங்களை நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள், சாதனங்களோடு கம்பியில்லாமல் பேச ஒரு யுஎஸ்பி ஸிக்பீ ஸ்டிக், சென்சாரும் விளக்குமாக 14. இரவில் அம்மா கட்டிலை விட்டு இறங்கினால் கழிவறை வரை விளக்கு எரியும். முன்கதவு திறந்தால் என் கைப்பேசி அடிக்கும். போன வாரம் இடிமழையில் கரண்ட் போய் வந்ததும் அந்தக் கணினிப் பெட்டி எழவே இல்லை. ஈப்போவிலிருந்து வந்த கடைக்காரர், “எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 2,880 ரிங்கிட், தவணை என்றால் மாதம் 270, பன்னிரண்டு மாதம்” என்கிறார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் எடுக்கலாமா? அம்மா இந்த மாதம் கூட்டு (சீட்டுப் பணம்) எடுத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, பணக் கணக்கை அப்புறம் பார்ப்போம். இன்று மாலை வேலை முடிந்து வரும்போது, பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு மூன்று வாங்கி வாருங்கள். அம்மாவின் அறை, நடை, கழிவறை வாசல். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வெளியே இருந்த கழிவறைக்கு இருட்டில் போன என் பாட்டி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மீண்டும் நடக்காமலே போனார். பெட்டி சரியாக இரண்டு வாரம் ஆகலாம். அம்மா இன்றிரவே எழுந்திருப்பார்.

இனி கடைக்காரரின் கணக்கு. 270 வீதம் பன்னிரண்டு மாதம் என்றால் 3,240. கூடுதலாக 360. கேட்க எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழுத் தொகைக்கே போடப்பட்டிருக்கிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 22 விழுக்காடு. நம் நாட்டில் ஒழுங்காகக் கட்டாதவருக்குக்கூட கிரெடிட் கார்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டாது. இந்தத் தவணை அதைவிட மோசம்.

இபிஎஃப் பணத்தையும் தொட வேண்டாம் என்றே சொல்வேன். 2024 மே மாதம் மூன்றாம் கணக்கு வந்ததிலிருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இபிஎஃப் 2023க்கு 5.5 விழுக்காடும், 2024க்கு 6.3 விழுக்காடும் ஈவுத்தொகை கொடுத்தது. குறைந்த அந்த 5.5ஐயே வைத்துப் பார்த்தாலும், இன்றைய 2,880 உங்கள் 55ஆவது வயதில் 8,400 ஆகியிருக்கும். அம்மாவின் கூட்டுப் பணம் அம்மாவுடையது. அது அவர் கையிலேயே இருக்கட்டும். கூட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. தோட்டப்புறத்தில் எல்லாரும் நம்பிக்கையில் கட்டுகிறார்கள், தெரியும். கூட்டு நடத்தும் தலைவி ஒரு நாள் காணாமல் போனால், கட்டிய பணத்துக்கு எங்கே போய் நிற்பது? இது முடிந்ததும் அடுத்த சுற்றில் சேர வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்த 2,880ஐ எங்கிருந்து புரட்டுவது என்கிறீர்களா? புரட்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் 14 சாதனங்களும் கெட்டுப்போனதாக நீங்கள் எழுதவில்லை. அவற்றை நடத்திய பெட்டி ஒன்றுதான் நின்றிருக்கிறது. அந்தப் பெட்டியிலும், பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான் போயிருக்கும். ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு சென்சாரின் நிலையையும் ஓயாமல் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும்போதே கரண்ட் போனால் கார்டு பழுதாகிவிடும். இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு வழக்கமாக வரும் நோய் இது. அடுத்த சந்தேகம் பவர் அடாப்டர் மேல். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கைப்பேசி சார்ஜரை மாட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். புதுக் கார்டும் அடாப்டரும் சேர்ந்து ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

அதிலும் எழவில்லை என்றால் பெட்டிக்குள் இருக்கும் மின்பலகையே போய்விட்டது. அப்போதும் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் என்ற தயார்நிலைப் பெட்டி 2023இல் 99 அமெரிக்க டாலருக்கு வந்தது. கடைக்காரர் கேட்பதில் கால் பங்குகூட இல்லை. அதில் மெமரி கார்டு கிடையாது, சேமிப்பு உள்ளேயே பதிந்திருக்கும். ஸிக்பீ அதில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பழைய ஸ்டிக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள், அழிக்கவும் விடாதீர்கள். சாதனங்கள் எந்த வலையில் சேர்ந்திருக்கின்றன என்ற அடையாளம் அதில்தான் இருக்கிறது. பேக்கப்பை, அதாவது பழைய அமைப்பின் நகலை ஏற்றி, அதே ஸ்டிக்கைச் செருகினால், பழைய பெயர்களோடும், எது எப்போது எரிய வேண்டும் என்ற விதிகளோடும் வீடு திரும்பி வரும்.

பேக்கப் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தம்பி வேறு இடம் காட்டியிருக்காவிட்டால், பேக்கப்பும் அந்தச் செத்த கார்டிலேயே கிடக்கும். கார்டைத் தூக்கிப் போடாமல் அவனிடம் கொடுங்கள். கணினியில் செருகினால் சில நேரம் கோப்புகள் மீளும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து தானாக எடுக்கும் பேக்கப்புகள் வழக்கமாகவே பூட்டப்பட்டு வருகின்றன. அந்தச் சாவி எழுத்துகள் இல்லாமல் புதுப் பெட்டியில் திறக்க முடியாது. எதுவுமே கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம்: 14 சாதனங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திச் சேர்த்து, விதிகளைத் திரும்ப எழுத வேண்டும். தம்பி ஒரு விடுமுறை நாளைக் கொடுத்தால் முடியும்.

கடைக்காரரின் புது செட் பற்றி ஒன்று கேளுங்கள்: இணையம் இல்லாவிட்டால் விளக்கு எரியுமா? நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் பெட்டி என்றால், அந்த நிறுவனம் உள்ளவரைதான் அதற்கு உயிர். அமெரிக்காவில் 300 டாலர் கொடுத்து வாங்கிய ரிவால்வ் பெட்டிகள் 2016 மே மாதம் ஒரே நாளில் செயலிழந்தன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. உங்கள் தம்பி போட்ட அமைப்பு வீட்டுக்குள்ளேயே ஓடக்கூடியது. விஷயம் தெரிந்துதான் செய்திருக்கிறான்.

சரியானதும் செலவு செய்ய வேண்டிய இடம் வேறு. இடி அதிகமுள்ள ஊர் நம்முடையது. மின்னல் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷனும், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். பேக்கப் தினமும் தானாகத் தம்பியின் கூகுள் டிரைவுக்குப் போகும்படி வைக்கச் சொல்லுங்கள். அந்த வசதி ஹோம் அசிஸ்டன்டிலேயே இருக்கிறது. சாவியைத் தாளில் எழுதி வீட்டு கிராண்ட் (பத்திரம்) இருக்கும் கோப்பில் வையுங்கள். பழைய பெட்டியே ஓடுகிறது என்றால், பிறகு அதே பேக்கப்பை இன்னொரு கார்டில் ஏற்றி, வீடு உண்மையிலேயே எழுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தக் கார்டை உறையில் போட்டு டிவிக்குக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்த இடிக்கு ஈப்போவிலிருந்து ஆள் வர வேண்டாம். நீங்களே மாற்றிச் செருகலாம்.

எதை வாங்கினாலும் ரசீதை வைத்திருங்கள். பொருள் சரியில்லை, கடைக்காரர் மறுக்கிறார் என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லையே? கொடுக்காமலே இருங்கள். தம்பியை இன்றிரவே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசி பேக்கப் எங்கே, அதன் சாவி எங்கே.