விலை 65, செலவு 78: பழைய எஸ்டேட் கார் வாங்கப் போகும் குடும்பத்துக்கு

கேள்வி:

ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும், ஏழு வயது மகள், மூன்று வயது மகன், என் மாமியார். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு வெளியே போனால் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. இப்போதிருக்கும் சின்னக் காரின் டிக்கியில் நாற்காலியை வைத்தால் ஒரு கைப்பைக்குக்கூட இடமில்லை. அதனால் பயன்படுத்திய எஸ்டேட் கார் (கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் பெரிய டிக்கி உள்ள வகை) ஒன்று வாங்க நினைக்கிறோம். இரண்டு கார்கள் பார்த்திருக்கிறோம். ஒன்று 12 வயதான சொகுசு டீசல் வண்டி, தோல் இருக்கைகளும் ஏர் சஸ்பென்ஷனும் உண்டு, 1,90,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றொன்று 7 வயதான சாதாரண பெட்ரோல் வண்டி, 1,10,000 கிலோமீட்டர். விலையில் பெரிய வித்தியாசமில்லை. கணவருக்கு முதலாவதன்மேல் ஆசை. விற்பவர், முழுத் தொகையையும் ஐந்து ஆண்டுத் தவணையில் தருகிறேன், வட்டி 7 சதவீதம்தான் என்கிறார். இருவரும் வேலைக்குப் போகிறோம். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். பெரும்பாலும் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கும் கடைக்கும்தான். எதை வாங்கலாம்?

பதில்:

வரவு, செலவு, சேமிப்பு என்று தொகைகளை முழுமையாக எழுதியிருந்தீர்கள். அவற்றை இங்கே வெளியிட வேண்டாம் என்பதற்காக, உங்கள் சேமிப்பை 100 என்று வைத்து மற்றவற்றை அந்த அளவில் மாற்றியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் மாத வருமானம் 13, வீட்டுச் செலவு 10. பழைய காரை விற்றால் 20 வரும். சொகுசு வண்டியின் விலை 70, சாதாரண வண்டியின் விலை 65.

வட்டியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை எரிச்சலூட்டியது அந்த 'தான்'. விற்பவர் சொல்லும் 7 சதவீதம் ஃபிளாட் வட்டி. கடன் 100 என்றால் ஆண்டுக்கு 7 வீதம் ஐந்து ஆண்டுக்கு 35. மொத்தம் 135, அதை 60 மாதங்களால் வகுத்தால் தவணை 2.25. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். நான்கு ஆண்டு முடியும்போது உங்களிடம் மிச்சமிருக்கும் கடன் ஏறக்குறைய 25. ஐந்தாம் ஆண்டிலும் வட்டி மட்டும் முழு 100க்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வழக்கமான வங்கிக் கணக்கில் இதே தவணை வர வேண்டுமானால் வட்டி 12.5 சதவீதமாக இருக்க வேண்டும். அதுதான் நீங்கள் உண்மையில் கட்டும் வட்டி. 70க்கு வாங்கும் வண்டிக்கு வட்டி மட்டும் 24.5. விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தக் கடைசித் தவணையைக் கட்டும் நாளில் சொகுசு வண்டிக்கு வயது 17 ஆகியிருக்கும்.

அந்தக் கடன் வேண்டாம்.

கணவரின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக இருந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த வண்டி இன்று சாதாரண காரின் விலைக்கு இறங்கி வந்திருக்கிறது. யாருக்கும் கை நீளத்தான் செய்யும். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அதன் உதிரிபாகங்கள் இன்னும் பழைய அந்தஸ்திலேயே இருக்கின்றன. ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கச் சுமையைத் தாங்குவது காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகள். பன்னிரண்டு ஆண்டு ரப்பர் மடிப்புகளில் வெடிக்கும். காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரிந்துபோகும். முதல் அறிகுறி எளிமையானது: இரவு நிறுத்திய வண்டி காலையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். பகலில் போய்ப் பார்ப்பவருக்கு இது தெரியாது. வண்டியைக் கிளப்பிக் காட்டத் தயாராக வைத்திருப்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வகை வண்டிகளுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

டீசல் உங்களுக்குப் பொருந்தாததற்கு இன்னொரு காரணம் அந்த நான்கு கிலோமீட்டர். புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்க இத்தகைய டீசல் கார்களில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வடிகட்டி 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் அது நடக்கும். பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்து, பிள்ளையை இறக்கி, மறுபடி கிளப்பினால் நடக்காது. கரி சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரியும். விற்பவர் சொன்ன மைலேஜையே அப்படியே ஏற்றுக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு டீசல் 5.5 லிட்டர், பெட்ரோல் 6.8. உங்கள் 9,000 கிலோமீட்டருக்கு 495ம் 612ம். மிச்சமாவது ஆண்டுக்கு 117 லிட்டர். இந்த மிச்சத்துக்காக வடிகட்டி, டர்போ, இன்ஜெக்டர் என்று மூன்று விலையுயர்ந்த பாகங்களின் தயவில் வாழ வேண்டுமா? நாளுக்கு 80 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் கேட்டிருந்தால் டீசலைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிலோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 1,90,000 என்பது பயமுறுத்துகிறது, 1,10,000 ஆறுதல் தருகிறது. வயதால் வகுத்துப் பாருங்கள். இரண்டுமே ஆண்டுக்குச் சுமார் 15,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கின்றன. ஓட்டத்தில் வித்தியாசமில்லை. வித்தியாசம் வயதிலும், வண்டிக்குள் பழுதாவதற்குக் காத்திருக்கும் பொருள்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடிய 1,50,000 கிலோமீட்டர், ஊருக்குள் நின்று நின்று ஓடிய 70,000ஐவிட எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நல்லது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, 7 வயது பெட்ரோல் வண்டி. மெக்கானிக் பார்த்துச் சரி என்றால் மட்டும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். சேமிப்பு 100, பழைய கார் 20, மொத்தம் 120. வண்டி விலை 65. பெயர் மாற்றம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5 என்று கொள்வோம். வாங்கிய முதல் ஆண்டுப் பழுதுக்கு 8 தனியாக எடுத்து வையுங்கள். இதை யாரும் எடுத்து வைப்பதில்லை. டயர், பிரேக், பேட்டரி, ஆயில்கள் என்று பழைய உரிமையாளர் 'விற்கத்தானே போகிறோம்' என்று தள்ளிப்போட்ட செலவுகள் அத்தனையும் முதல் ஆண்டில் உங்கள் தலையில் விழும். ஆக வண்டியின் உண்மையான விலை 78. கையில் நிற்பது 42, நான்கு மாதச் செலவுக்குச் சற்று அதிகம்.

வழக்கமாக ஆறு மாதச் செலவை அவசரத்துக்கு வைத்திருக்கச் சொல்பவன் நான். இங்கே விட்டுக்கொடுக்கிறேன். இரண்டு சம்பளம் வருகிறது, மாதம் 3 மிஞ்சுகிறது. ஆறு மாதத்தில் 18 சேர்ந்து மறுபடி 60 ஆகிவிடும். அந்த ஆறு மாதம் வேறு பெரிய செலவு எதையும் தொடாதீர்கள். மாமியாருக்கு அறுவை சிகிச்சை எதுவும் நெருக்கத்தில் இருக்கிறதென்றால் இந்தக் கணக்கு மாறும். அப்போது மட்டும் 18ஐ வங்கியில் கடனாக வாங்கி இரண்டு ஆண்டில் முடியுங்கள். அதே 12.5 சதவீதம் என்றாலும் மொத்த வட்டி இரண்டரைக்குள் அடங்கும்.

சொகுசு வண்டிக்கும் இதே கணக்கைப் போட்டேன். விலை 70, மற்றவை 6, முதல் ஆண்டுப் பழுதுக்கு 20க்குக் குறையாமல் ஒதுக்குவேன். கையில் நிற்பது 24. இதைக் கணவரிடம் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அந்த எண் நன்றாகச் சொல்லும்.

இனி எஸ்டேட் விஷயம். இதே இடவசதியுள்ள எஸ்யூவிகளின் பின்னால் பலரும் ஓடுவதால், ஒரே பணத்துக்குப் பெரும்பாலும் அவற்றைவிட வயது குறைந்த எஸ்டேட் கிடைக்கும். டிக்கியின் தரையும் தாழ்வாக இருக்கும். ஒரு நாளில் நான்கு முறை சக்கர நாற்காலியைத் தூக்கி வைப்பவருக்கு அந்த ஒரு சாண் உயரம் எவ்வளவு பெரியது என்று உங்கள் முதுகு சொல்லும்.

ஆனால் விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கை நம்பிப் போகாதீர்கள். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஹேட்ச்பேக்கின் டிக்கி 380 லிட்டர், அதே காரின் எஸ்டேட் 605. பெரிய பாய்ச்சல். மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் ஹேட்ச்பேக் 590, எஸ்டேட் 610. இருபது லிட்டர் வித்தியாசத்துக்கா எஸ்டேட் என்று தோன்றும். அந்த அளவு, டிக்கியை மூடும் திரையின் உயரம் வரைக்குமானது. எஸ்டேட்டின் பலன் அதற்கு மேலேதான் இருக்கிறது: கூரை சரியாமல் கடைசிவரை நீள்வதும், கதவு சதுரமாகத் திறப்பதும். மடித்த நாற்காலியை நிற்கவைத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, மிச்ச இடத்தில் பெட்டிகளை அடுக்க முடிகிறதா என்பதை எந்த லிட்டரும் சொல்லாது.

பின்னிருக்கையும் உங்களுக்கு ஒரு சிக்கல். இரண்டு குழந்தை இருக்கைகள் போட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு முழங்கை அகலம். பெரும்பாலான கார்களில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும், ஆகவே குழந்தைகளை நகர்த்தவும் முடியாது. இடுப்பெலும்பு முறிந்த மாமியாரை அந்த நடு இடத்தில் உட்காரவைப்பது ஆகாத காரியம். அவர் முன்னால், நீங்கள் நடுவில். அங்கே உட்கார்ந்து, இரண்டு இருக்கைகளும் போட்ட நிலையில், உங்கள் பெல்ட்டின் பூட்டு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையென்றால் அது உங்களுக்கு ஐந்து பேர் கார் அல்ல.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கு டயரும் நான்கு விதமான பிராண்டு என்றால், பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த உரிமையாளர் என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத இடங்களில் மட்டும் தாராளமாக இருந்திருக்க மாட்டார்.

எஸ்டேட்டுக்கே உரிய இடம் பின்கதவு. அதற்குப் போகும் ஒயர்கள் கீலுக்கு அருகே ஒரு ரப்பர் குழாய்க்குள் இருக்கும். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்து அவை உள்ளேயே அறும். பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கண்ணாடிச் சூடாக்கி மூன்றையும் போட்டுப் பாருங்கள். பிறகு டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி குழிக்குள் கைவிட்டுத் தடவுங்கள். நான் முதன்முதலாக வாங்கிய எஸ்டேட்டில் வண்டி முழுவதும் ஏதோ வாசனைத் திரவியம் தெளித்திருந்தார்கள். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன். மூன்றாம் வாரம் டயர் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுக்கப் போனால், அது அரை சாண் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மணக்கும் காரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்.

சர்வீஸ் ரசீதுகளில் ஒன்றை மட்டும் குறிப்பாகத் தேடுங்கள்: டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் பட்டை. அந்த எஞ்சினில் பெல்ட்டா, செயினா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெல்ட் என்றால் அதை இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர் விதித்திருப்பார். பல எஞ்சின்களில் அது ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 'மாற்றியாயிற்று, பில்தான் தொலைந்துவிட்டது' என்பார்கள். தொலைந்த பில்லுக்கும் அதே கழிவுதான்.

வண்டியின் 17 எழுத்து அடையாள எண் உடம்பிலும் பதிவு ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா, வண்டியின் மீது தீராத கடன் உண்டா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விற்பவர் நீட்டும் கூடுதல் வாரண்டியை வாங்க வேண்டாம். தேய்மானத்தால் வரும் பழுது சேராது என்ற ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும், பழைய காரில் வருவதோ பெரும்பாலும் தேய்மானப் பழுதுதான். அந்தப் பணத்தையும் பழுதுக்கென்று வைத்த 8உடன் சேர்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கை நீங்களே பிடியுங்கள், விற்பவர் சிபாரிசு செய்பவரை அல்ல. சோதனைக் கட்டணம் கொடுத்து, வண்டி சரியில்லை என்று திரும்பி வந்தால் அது நட்டமில்லை.

போகும்போது மாமியாரையும், நாற்காலியையும், இரண்டு குழந்தை இருக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். முன்கதவைத் திறந்து மாமியார் தாமாக உட்கார்ந்து, தாமாக எழட்டும். இருக்கை மிகத் தாழ்வாக இருக்கிறது, எழ முடியவில்லை என்று அவர் சொன்னால், நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.