பழைய விளையாட்டில் புல் ஏன் ஊதா ஆகிறது?

கேள்வி: விண்டோஸ் 7-இல் ஒரு பழைய 256 நிற விளையாட்டைப் போட்டால் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிகிறது. திரை கெட்டுவிட்டதா?

பதில்: திரையைக் குறை சொல்லாதீர்கள், அது சொன்னதைத்தான் காட்டுகிறது. அந்தக் காலத்து 256 நிற முறையில் ஒரு புள்ளிக்கு நினைவகத்தில் ஒரே ஒரு பைட்தான். அதில் இருப்பது நிறம் இல்லை, 0 முதல் 255 வரை ஒரு எண், அவ்வளவுதான். 37 என்றால் பச்சையா ஊதாவா என்பதைச் சொல்வது பேலட் என்கிற அட்டவணை. அட்டவணை மாறினால், படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமலே மொத்தத் திரையும் நிறம் மாறிவிடும். ஓடும் தண்ணீரை இந்த வித்தையால் சும்மா அட்டவணையில் நாலைந்து நிறங்களைச் சுழற்றியே காட்டினார்கள், அருமையான சிக்கனம்!

இந்த அட்டவணை ஒன்றே ஒன்றுதான், பங்காளிகள் பலர். விண்டோஸ் தன் பொத்தான், சட்டங்களுக்காக 20 இடங்களைப் பிடித்துக்கொண்டு மீதி 236-ஐ விடும். விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போது பின்னால் இருக்கும் எக்ஸ்ப்ளோரர் (டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் விண்டோஸ் நிரல்) நடுவில் புகுந்து சில இடங்களை மாற்றிவிடுவதுதான் உங்கள் ஊதாப் புல்லுக்குக் காரணம். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்ததும் அங்கேயே திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், நீங்களே திரைக்கான டிரைவர் நிரல் எழுதிப் பார்ப்பவர் என்றால் ஒன்று: 1987-இல் வந்த விஜிஏ என்கிற திரைக்காட்சி வன்பொருளின் அட்டவணையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 பிட்தான், அதாவது 0 முதல் 63 வரை. 255 வரையுள்ள மதிப்பை 4-ஆல் வகுக்காமல் அப்படியே அனுப்பினால் மேல் இரண்டு பிட்டும் போய்விடும், 64 கறுப்பாகிவிடும்.