பத்தாம் வசனத்தையும் சேர்த்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒரு மனன வசனம் என்பது எங்கள் சபையின் வழக்கம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். இறையியல் படிக்கும் என் உறவினர் ஒருவர், ‘பின்னணி தெரியாமல் ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு’ என்கிறார். என் கத்தோலிக்கத் தோழியோ, ‘அவரவர் தனியாக எடுத்துப் பொருள் சொல்லிக்கொள்ளக் கூடாது, திருச்சபையோடு சேர்ந்துதான் வேதத்தை வாசிக்க வேண்டும்’ என்கிறாள். இதற்கிடையில் என் வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன், மனப்பாடம் செய்த எரேமியா 29:11-ஐத் தினமும் சொல்லித் தன் தாத்தாவுக்காக ஜெபித்து வந்தான். தாத்தா இறந்துவிட்டார். ‘எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்றுதானே அக்கா இருக்கிறது?’ என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மனனம் செய்ய வைப்பதையே நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பையனின் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடவும் வேண்டாம். உங்கள் உறவினரும் தோழியும் வாதிடுவது எதைப் பற்றியோ, அதை அவன் தன் துக்கத்திலிருந்து கேட்டிருக்கிறான்.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று பொய்த் தீர்க்கதரிசிகள் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அதை மறுக்கிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில் காலக்கணக்கு வருகிறது: எழுபது வருடம். அந்தக் கடிதத்தைக் காதால் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் உயிரோடு ஊர் திரும்பியிருக்க முடியாது. இதற்குப் பிறகுதான், ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்ற வார்த்தை வருகிறது. அந்த ‘உங்கள்’ மரியாதைப் பன்மை அல்ல. ஒரு ஜனம் முழுவதையும், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லும் பன்மை.

பையனுக்குக் கையில் கிடைத்தது பதினோராம் வசனம் மட்டும். பத்தாவதை யாரும் கொடுக்கவில்லை. அவன் ஜெபத்தில் ஒரு குறையும் இல்லை. பெரியவர்கள் வெட்டிக் கொடுத்த அளவில்தான் பிழை.

இந்த வெட்டு பழைய காலத்து வழக்கமும் அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு வந்தது 1551-ல், ரோபேர் எத்தியென் என்ற அச்சகர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில். அதற்கு முன்பும் மனனம் இருந்தது, இன்னும் தீவிரமாகவே இருந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் பக்கோமியுஸ் அமைத்த மடங்களின் ஒழுங்குப்படி, உள்ளே வருகிறவர் குறைந்தது புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். 787-ல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், சங்கீதப் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாக அறியாதவரை ஆயராக்கக் கூடாது என்று விதித்தது. அவர்கள் நெஞ்சில் ஏற்றியது முழுப் பாட்டை, முழு நிருபத்தை, அதாவது முழுக் கடிதத்தை. முதல் சங்கீதத்தில் ‘தியானமாயிருக்கிற’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘ஹாகா’. ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் இதே சொல் வருகிறது. வாய் முணுமுணுக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே, ஒப்பித்தலை உங்கள் உறவினர் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அவர் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. மத்தேயு 4-ல் இயேசுவைச் சோதிக்கும் சாத்தானும் மனப்பாடமாகத்தான் பேசுகிறான். 91-ஆம் சங்கீதத்திலிருந்து, தேவதூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று எடுத்துச் சொல்கிறான். சங்கீதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் அவன் வாயில் விடுபட்டிருக்கின்றன. இயேசுவின் மூன்று பதில்களும் உபாகமத்தின் 6 முதல் 8 வரையான அதிகாரங்களிலிருந்து, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதை நினைவுகூரும் ஒரே பகுதியிலிருந்து வருகின்றன. தாமும் வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருக்கும்போது அவர் நினைவில் வருவது அந்தப் பகுதி. இருவருக்கும் வசனம் தெரியும். ஒருவர் அதை அதன் இடத்தோடு வைத்திருக்கிறார்.

உங்கள் தோழி சொல்வதைச் சுருக்கமாகவே தொடுகிறேன். திருச்சபை கொண்டிருக்கும் பொருளுக்கு மாறாக ஒருவர் வேதத்தைத் திரிக்கக் கூடாது என்று 1546-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் சொன்னது. வேதத்தை வேதமே விளக்கும் என்று நூறு ஆண்டுகள் கழித்து சீர்திருத்தத் தரப்பின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொன்னது. வேதத்தின் பொருளை இறுதியாக முடிவு செய்வது யார் என்பதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. நான் அதை மழுப்ப மாட்டேன். ஆனாலும் ஒரு வரியைப் பிய்த்து எடுத்து எனக்கென்று வைத்துக்கொள்ள இரண்டுமே இடம் தரவில்லை. எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும்’ என்று பிலிப்புவை ரதத்தில் ஏற்றிக்கொண்ட கதை இரு தரப்புக்கும் உரியது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில் சிறுவயதிலிருந்தே எனக்கு ஏழெட்டு வசனங்கள் தெரியும். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பதும் அதில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நிருபம் முழுவதையும், 104 வசனங்களையும், மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன். நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தது. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களும் ஒரே சிந்தையாயிருக்கும்படி பவுல் புத்தி சொல்லும் இடம். இதை யாரும் மனன வசனமாகக் கொடுப்பதில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது ஒருநாள் காலையில் அந்தச் ‘சிந்தை’ காதில் விழுந்தது. இரண்டாம் அதிகாரத்தில் ‘கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே’ என்று தொடங்கி, அவர் தம்மை வெறுமையாக்கியதையும் சிலுவை வரை தாழ்த்தியதையும் சொல்லும் மாபெரும் பகுதி இருக்கிறதே, அதே சொல். அவ்வளவு உயரத்துக்கு ஏறிய பேச்சு, மனத்தாங்கலில் இருந்த இரண்டு பெண்களின் வாசலில் வந்து இறங்குகிறது. வசனம் வசனமாகப் பல ஆண்டுகள் தெரிந்து வைத்திருந்தும் அது எனக்குப் படவில்லை. ஒரே மூச்சாகச் சொன்னபோதுதான் பட்டது. ‘பெலனுண்டு’ என்ற வசனத்துக்கு முந்தைய வசனத்தில் பட்டினி இருப்பதும், அதை எழுதியவர் காவலில் இருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

அதனால் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வசனம் என்ற அளவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே பகுதியின் அடுத்த வசனத்துக்குப் போங்கள். சேர்ந்து சத்தமாகச் சொல்லட்டும். யார், யாருக்கு, எப்போது சொன்னது என்பதை அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அதற்கு நீங்கள் உறவினரின் புத்தகங்களைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

பையனிடம் எரேமியாவின் கடிதத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். தாத்தாவைப் பற்றி அவனைப் பேச விடுங்கள். பிறகு 13-ஆம் சங்கீதத்தை அவனோடு சேர்ந்து நீங்களும் மனனம் செய்யுங்கள். ஆறே வசனங்கள். ‘எதுவரைக்கும்’ என்று முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை கேட்கிறது. அவன் உங்களிடம் கேட்டதை அங்கே ஒருவர் கர்த்தரிடமே கேட்கிறார். துதியோடு முடியும் ஆறாம் வசனத்துக்கு அவனை அவசரப்படுத்தாதீர்கள். முதல் இரண்டிலேயே சில வாரங்கள் இருக்கட்டும்.

அன்புடன்.