பெருங்காயமும் வெங்காயமும்

வணக்கம் ஐயா,

ரொம்ப நாளாக ரத்தசோகை. இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. கடைசியில் எண்டோஸ்கோபி செய்து சீலியாக் என்றார்கள், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் நோயாம். சென்ற ஆண்டு கோதுமையை விட்டேன். ஆனாலும் வயிற்று உப்புசமும் பேதியும் நிற்கவில்லை. சாம்பார் சாப்பிட்டால் கூடுகிறதே என்று வெங்காயத்தை விட்டேன். பிறகு பூண்டு, பருப்பு, பால். இப்போது குழைசாதமும் நெய்யும்தான். மாமியார் "சோறு திங்கிற ஊர்ல கோதுமை வியாதியா?" என்கிறார். உங்களுக்கும் இந்நோய் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஆயுசுக்கும் இப்படித்தானா? என் மகனுக்கும் வருமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானதுதான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. மாறியது சாப்பாடு. வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். காலையில் ரவா உப்புமா, இரவில் சப்பாத்தி, வெளியே போனால் பரோட்டா என்று ஆனபின் அந்த 25 கிராம் எந்த வீட்டில் நிற்கிறது? அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி சாம்பார். நீங்கள் வெங்காயத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நான் பெருங்காய டப்பாவைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். கடையில் விற்கும் பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான், மற்றபடி மாவும் கோந்தும். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எதில்தான் அது விழவில்லை? அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, எங்கள் வீட்டில் அதுதான்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். சிறுதானியம் என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ராகியையும் சாம்பார் பொடிக்கான சாமான்களையும் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். ஹோட்டலில் ரவா தோசை ஊற்றிய கல், பூரி பொரித்த எண்ணெய், பார்லி சேர்ந்த சத்து பானம் எல்லாம் இதே கணக்கு. "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. இவ்வளவு சிறிய அளவுக்குத்தான் நாம் பயப்பட வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்" என்பவருக்குப் பதில் சொல்லி மாளாது. நான் டப்பாவோடு போய் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன்.

கோதுமையை விட்டும் தொந்தரவு தொடர்ந்தால், பெரும்பாலும் காரணம் இப்படித் தெரியாமல் உள்ளே போவதுதான். ஆகவே இன்னொன்றைத் தள்ளிவைப்பதற்கு முன் எதிர்ப்பொருள் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவை வேறு ஜாதி. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, சிறுகுடல் சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. சீலியாக் சிதைப்பது அதே இடத்தைத்தான். குடல் ஆறினால் பலருக்குப் பால் திரும்பவும் ஒத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு ஆற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை புளித்த தயிரை இரண்டு கரண்டி போட்டுப் பாருங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற ஒருவகைச் சர்க்கரைப்பொருள் உப்புசம் தரும், குடலை அரிக்காது. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துப்போட்டுவிட்டுத் தாளியுங்கள், வாசனை குறையாது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாக. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் பழி யார்மேலோ விழும். ஒரு டயட்டீஷியன் கூட இருந்தால் நல்லது. ஆயுசுக்கும் விலக்க வேண்டியது கோதுமை, பார்லி, ரை என்ற மேல்நாட்டுத் தானியம், இவற்றோடு சேர்ந்ததை மட்டும். குழைசாதத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்த ரத்தசோகை எப்படித் தீரும்?

மகனுக்கு வரத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பயத்தில் இப்போதே அவனுக்குச் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனையை நம்பலாம்.